எச்ஐவி டெஸ்டில் வந்த முதல் நெகட்டிவை நம்பி இருந்துவிடப் பார்த்தேன்

போன வருடம் ஆடியில் திருப்பூரில் காய்ச்சல் வந்தபோது டெங்கு என்றுதான் நினைத்தேன். 102 டிகிரி, தொண்டை வலி, கஞ்சிகூட இறங்காத அளவுக்கு வாயெல்லாம் புண், நான்காம் நாள் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புத் தடிப்பு, ஆனால் அரிப்பு துளியும் இல்லை. டாக்டர் டெங்கு டெஸ்ட் எடுத்தார், இல்லை என்று வந்தது, வைரல் ஃபீவர் என்று மாத்திரை எழுதினார். அதற்கு 18 நாள் முன்பு ஆணுறை இல்லாமல் ஒருமுறை உறவு நடந்திருந்தது. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்லியிருக்க வேண்டும். எச்ஐவி தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பலருக்கு இப்படி ஒரு காய்ச்சல் வந்து தானாகவே போய்விடும், ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருப்பதும் அந்த நாட்களில்தான். (உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் தொற்றாமல் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கிறது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.)

எட்டு நாளில் காய்ச்சல் விட்டது. மனசு கேட்காமல் ஒரு லேபில் எச்ஐவி கார்டு டெஸ்ட் எடுத்தேன். நெகட்டிவ். நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் கழுத்தில் நெறி கட்டியது வற்றவே இல்லை. எச்ஐவி உதவி எண் 1097-க்குப் போன் செய்தேன், காசு கிடையாது. பேசிய அம்மா தேதிகளைக் கேட்டுவிட்டு, "நாலு வாரம்கூட ஆகலையே தம்பி, அந்த கார்டுல தெரியாம போயிருக்கலாம், மறுபடி பாருங்க" என்றார். கார்டு தேடுவது வைரஸை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை. அது சேரச் சில வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்வரை.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஏழாவது வாரம் கோவைக்கு பஸ் ஏறி, அரசு ஆஸ்பத்திரியில் எச்ஐவி ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குப் போனேன். கவுன்சிலர் கதவைச் சாத்தி, சம்மதக் கையெழுத்து வாங்கி, அப்புறம்தான் ரத்தம் எடுக்க அனுப்பினார். முதல் கார்டில் தெரிந்ததும் வேறு இரண்டு வகை கிட்டிலும் பார்த்தார்கள். "மூணுலயும் பாசிட்டிவ். மாத்திரை இருக்கு, அதைப் பேசுவோம்" என்றார். எனக்குக் காது அடைத்துப் போனது. அவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு நான் குடிக்கும்வரை பேசாமல் இருந்தார்.

எச்ஐவிக்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் சிடி4, அதாவது ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை, 412 வந்தது. முன்பெல்லாம் அது குறையும்வரை காத்திருக்கச் சொல்வார்களாம், 2017 முதல் எண்ணிக்கை எதுவானாலும் உடனே சிகிச்சை. காசநோய் அறிகுறி இருக்கிறதா என்று கேட்டார்கள், கிட்னி, லிவர் பார்த்தார்கள், அந்த வாரமே மாத்திரை கொடுத்தார்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, முழுக்க இலவசம். முதல் பத்து நாள் குமட்டலும் கெட்ட கனவும் இருந்தது, பிறகு இல்லை. ஒன்று கவனியுங்கள்: அசிடிட்டி மருந்தை இதோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது, மாத்திரை போட்டு இரண்டு மணி நேரமாவது போகட்டும். இரும்பு, கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாவது மாதம் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு டெஸ்ட் எடுத்தார்கள், கண்டறியும் அளவுக்கு வைரஸ் இல்லை என்று ரிப்போர்ட். இப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக என்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். வீட்டில் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். இப்போதும் ராத்திரி ஒன்பது மணிக்கு "போட்டுட்டியா?" என்று ஒரு மெசேஜ் வரும், போட்டுவிட்டுத்தான் பதில் அனுப்புவேன்.