கெல்ம்ஸ்காட்: பேர் மேனர், கட்டியது ஒரு விவசாயி

லண்டனில் பார்க்கிற தேம்ஸை மனதில் வைத்துக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் மேற்கு ஓரத்துக்குப் போனால் ஏமாந்துதான் போவீர்கள், லெக்லேட் என்கிற சின்ன டவுன் பக்கத்தில் அது வயல்களுக்கு நடுவே நெளிந்து போகிற சாதாரண ஆறு. அந்தக் கரையில் இருக்கிற சின்ன ஊர் கெல்ம்ஸ்காட். இங்கே 12ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவக் கோயில் கட்டிவிட்டார்கள், புனித ஜார்ஜ் கோயில், ஆனால் ரொம்பக் காலம் அது பக்கத்துப் பிராட்வெல் சேகரத்தின் (திருச்சபைப் பங்கின்) கிளைக் கோயிலாகத்தான் இருந்தது.

வெளியூர்க்காரர்கள் வருவது கெல்ம்ஸ்காட் மேனரைப் பார்க்க. மேனர் என்றால் பண்ணைப் பிரபுவின் மாளிகை, அந்தப் பேரைக் கேட்டதும் பிரபு, குதிரை வண்டி என்று கற்பனை ஓடும். அதெல்லாம் இல்லை. 1600ஐ ஒட்டி டர்னர் என்ற உள்ளூர் விவசாயக் குடும்பம் கட்டிய வீடு அது; அப்புறம் வசதி கூடியபோது ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டினார்கள். மேனர் என்ற பட்டம் 19ஆம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது.

1871இல் துணி, சுவர்க்காகித வடிவமைப்பாளரும் கவிஞருமான வில்லியம் மோரிஸும் ஓவியர் ரொசெட்டியும் கூட்டாக அதை வாடகைக்கு எடுத்தார்கள். எடுத்த சூட்டோடு மோரிஸ் ஐஸ்லாந்துக்குக் கிளம்பிவிட, அவர் மனைவி ஜேனும் ரொசெட்டியும் அந்தக் கோடையை இங்கே கழித்தார்கள். அந்தக் கதையை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், விடுங்கள். 1874இல் ரொசெட்டி போய்விட்டார்.

எனக்குப் பிடித்தது கூரை. கல் ஓடுகள்தான், ஆனால் கீழ் விளிம்பில் பெரிய கற்கள், மேலே போகப் போக சின்னது, உச்சியில் இன்னும் சின்னது. மீன் செதிலைப் போல. மோரிஸும் அதில் சொக்கிப்போனவர். அவருடைய புகழ்பெற்ற துணி வடிவமைப்பான ‘ஸ்ட்ராபெரி திருடன்’ (1883) இந்தத் தோட்டத்துச் சமாச்சாரம்தான்: வலை போட்டு மூடியும் திரஷ் குருவிகள் உள்ளே புகுந்து பழத்தைத் தின்றன, அவற்றைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார் மனுஷர்.

1896 அக்டோபரில் அவர் லண்டனில் இறந்தார். உடலை ரயிலில் லெக்லேட்வரை கொண்டுவந்து, அங்கிருந்து வில்லோ கிளைகளால் அலங்கரித்த பண்ணை வண்டியில் கொட்டும் மழையில் ஊருக்கு எடுத்துவந்தார்கள். கோயிலில் அறுப்பின் பண்டிகை அலங்காரம் அப்படியே இருந்தது. கல்லறையை வடிவமைத்தது நண்பர் பிலிப் வெப்.

ஜேன் 1913இல் வீட்டை வாங்கினார், அடுத்த வருஷமே காலமானார். மகள் மே மோரிஸ், 1938இல் இறக்கும்வரை அங்கே இருந்தார். எதையும் மாற்றக்கூடாது என்று நிபந்தனை போட்டு ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். பல்கலைக்கழகத்தால் அதைக் கட்டி மேய்க்க முடியவில்லை. 1962இல் வீடு லண்டன் தொல்பொருள் கழகத்திடம் போனது, இன்றும் அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

போனால் மோரிஸ் அறைகளோடு திரும்பிவிடாதீர்கள். தோட்டத்தில் பழைய கழிவறை ஒன்று இருக்கிறது, மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். டர்னர் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று அது சொல்கிற அளவுக்கு மோரிஸின் சுவர்க்காகிதங்கள் சொல்வதில்லை.