ஜூலை 23ல் இரண்டு ஐம்பது: குரூப் 4ல் எனக்குக் கைகொடுத்த காலண்டர் தாள்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 ரிசல்ட் வந்து ஐந்து நாள் ஆகிறது. தரவரிசையைப் பார்த்ததும் அம்மா அழுதார். அப்பா ஒன்றும் பேசாமல் கடைக்குப் போய் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார். சான்றிதழ் சரிபார்ப்பு இன்னும் முடியவில்லை. ஆனாலும் மனசு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போன தடவை நான் தோற்றது ஒரே ஒரு கேள்வியில். 1.5 மதிப்பெண். அந்தக் கேள்விக்கான விடை என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது.

நான் பாப்பாரப்பட்டிக்குப் பக்கம். தினமும் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா மணிமண்டபம் இருக்கும் ஊரிலிருந்து பஸ் ஏறித்தான் தருமபுரி மாவட்ட மைய நூலகத்துக்குப் படிக்கப் போவேன். போன தேர்வில் காலவரிசைப்படுத்தும் கேள்வி ஒன்றில் காக்கோரி ரயில் கொள்ளையை 1927 என்று வைத்துவிட்டேன். அது நடந்தது 1925 ஆகஸ்ட் 9. அதற்காக ராம் பிரசாத் பிஸ்மில் தூக்கிலிடப்பட்டது 1927 டிசம்பரில். இரண்டையும் ஒரே வரியில் படித்திருந்ததால் கடைசியாகப் படித்த ஆண்டுதான் மனதில் நின்றது. நான் ஒரு வரிக் குறிப்புகளாகவே 4,000 வரி மனப்பாடம் செய்தவள். அத்தனையும் ஆண்டு வரிசையில். 1920களுக்கு வந்தால் எல்லா ஆண்டும் ஒரே முகமாகத் தெரியும்.

தோற்ற பிறகு வந்த ஜூலையில் ஒரு நாள். பஸ் நிறுத்தத்தில் மாமா மகனும் அவன் கூட்டாளிகளும் சூர்யா பிறந்தநாளுக்கு பிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதே காலையில் மணிமண்டபத்தில் மாலை போட ஆட்கள் வந்திருந்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டேன். சிவா இறந்த நாள் என்றார் பூக்கடை அக்கா. எனக்கு 1925 என்ற ஆண்டு தெரியும். தேதி தெரியாது. அந்த ஊரில் வளர்ந்தும் தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்து வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

நூலகத்தில் அன்று வேறு எதையும் படிக்கவில்லை. ஜூலை 23ல் என்னென்ன நடந்தது என்று மட்டும் தேடினேன். வந்தது இது.

1856: பால கங்காதர திலகர் பிறந்தார்.
1906: சந்திரசேகர ஆசாத் பிறந்தார்.
1925: சுப்பிரமணிய சிவா பாப்பாரப்பட்டியில் இறந்தார்.
1927: இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் பம்பாய் வானொலி நிலையம் தொடங்கியது. தேசிய ஒலிபரப்பு நாள் வந்தது இதனால்தான்.
1975: நடிகர் சூர்யா பிறந்தார்.
1999: சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி விண்ணுக்குப் போனது. நோபல் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அது.
2012: இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணி படையை நடத்திய லட்சுமி சாகல் இறந்தார்.

முதல் ஐந்து வரியை மறுபடி பாருங்கள். திலகருக்கு 50 வயது நிறையும் நாளில் ஆசாத் பிறக்கிறார். சிவா இறந்து சரியாக 50 ஆண்டு ஆகும் நாளில் சூர்யா பிறக்கிறார். இரண்டு ஐம்பது. சூர்யா 1975 என்பது பிளெக்ஸைப் பார்த்த யாருக்கும் தெரியும். அதிலிருந்து 50 கழித்தால் சிவா 1925. சிவா இறந்து 17 நாள் கழித்து ஆகஸ்ட் 9, காக்கோரி. அதில் இருந்தவர் அதே ஜூலை 23ல் பிறந்த ஆசாத். நான் தவறவிட்ட 1.5 மதிப்பெண் அந்தப் பிளெக்ஸிலிருந்து இரண்டு எட்டு தூரத்தில் இருந்தது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. சிவா, வ.உ.சி., பாரதி மூவரும் திலகர் வழியில் நின்றவர்கள். 1908ல் திலகரும் சிறைக்குப் போனார், சிவாவும் போனார். சிறையில் பிடித்த தொழுநோயோடு வெளியே வந்தவருக்கு ரயிலில் ஏறக்கூடத் தடை போட்டார்கள். அந்த உடம்போடு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரதாசிரமம் அமைத்தார். பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட நினைத்து 1923ல் சித்தரஞ்சன் தாஸை அழைத்து அடிக்கல் நாட்டினார். திலகர் பிறந்த தேதியிலேயே இறந்தார். வயது 40. இதைப் புத்தகத்தில் நாலு வரியில் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தேதியோடு படித்தபோதுதான் அவர் ஒரு மனிதராகத் தெரிந்தார். அதன் பிறகு அவரைப் பற்றிய எந்தக் கேள்வியும் எனக்குத் தவறியதில்லை.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் அரிசி மண்டியில் கொடுத்த தினசரி காலண்டர், முந்தின வருஷத்தது, கிழிக்காமல் பாதிக்கு மேல் கிடந்தது. கிழித்த தாள்களையும் அம்மா விபூதி மடிக்கச் சேர்த்து வைத்திருந்தார். பின்பக்கம் வெறுமை. ஒரு தேதிக்கு ஒரு தாள். 365 தாள். இதுதான் என் தேதிக் கட்டு.

எப்படி எழுதினேன்:

ஒரு தாளில் ஐந்து முதல் ஏழு வரி. அதற்கு மேல் கூடாது.

பிறப்புக்குப் பச்சை மை, இறப்புக்குச் சிவப்பு, சட்டம், திட்டம், நிகழ்ச்சிக்கு நீலம்.

ஒரு வரியாவது சினிமாவோ கிரிக்கெட்டோ இருக்க வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். வரலாற்று ஆண்டு மட்டும் இருந்த தாள்கள் எனக்கு இரண்டு வாரத்தில் மறந்தன. நடிகர் பெயர் இருந்த தாள்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன.

இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். 50, 17 நாள், இப்படி.

வாட்ஸ்அப்பில் வரும் 'வரலாற்றில் இன்று' படங்களைப் பார்த்து எழுதவே எழுதாதீர்கள். சமச்சீர் புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு எழுதுங்கள். நான் முதல் மாதம் எழுதிய தாள்களில் 30க்கும் மேல் கிழித்துப் போட்டேன்.

ஒரு நாளைக்கு மூன்று தாள் போதும்.

சரி, மற்ற தாள்களில் சிலவற்றைச் சொல்கிறேன்.

நவம்பர் 7. பிபின் சந்திர பால் 1858, மேரி கியூரி 1867, சி.வி. ராமன் 1888, ரஷ்யப் புரட்சி 1917, கமல்ஹாசன் 1954. பழைய நாட்காட்டியில் அக்டோபர் 25 என்பதால்தான் அதற்கு அக்டோபர் புரட்சி என்று பெயர். கமல் பிறந்த 1954ல்தான் முதல் பாரத ரத்னா. ராஜாஜி, ராதாகிருஷ்ணன், ராமன். பிறந்தநாளை ராமனோடு பகிர்ந்துகொள்பவர் பிறந்த வருஷமே ராமனுக்கு பாரத ரத்னா. இந்த ஒரு தாள் அறிவியல், உலக வரலாறு, விருதுகள் மூன்றையும் கொடுத்துவிடும்.

மே 1. அஜித் 1971. ராமகிருஷ்ண மிஷன் 1897, சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியது 1923, மகாராஷ்டிரா குஜராத் பிரிந்தது 1960.

டிசம்பர் 10, 11, 12 மூன்று தாளையும் ஒரே ஊசியில் குத்தி வைத்தேன். 10ல் ராஜாஜி, 1878, ஓசூர் பக்கம் தொரப்பள்ளி. நோபல் இறந்ததும் டிசம்பர் 10, 1896ல், அதனால் பரிசு கொடுப்பதும் அன்றுதான். மனித உரிமைப் பிரகடனம் 1948 டிசம்பர் 10. அதே 1948ல் ராஜாஜி கவர்னர் ஜெனரல் ஆனார். கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு இந்தத் தாளில் சினிமா வரி தேவைப்படாது. 11ல் பாரதி 1882, விஸ்வநாதன் ஆனந்த் 1969. 12ல் டெல்லி தர்பார் 1911, ரஜினி 1950. தலைநகர் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் அறிவிப்பும் வங்கப் பிரிவினை ரத்தும் அந்தத் தர்பாரில்தான்.

பஞ்சாயத்து ராஜ் விஷயத்தில் பலர் விழுவதைப் பார்த்திருக்கிறேன். நேரு ராஜஸ்தானின் நாகௌரில் தொடங்கி வைத்தது 1959 அக்டோபர் 2. ஆனால் தேசிய பஞ்சாயத்து ராஜ் நாள் ஏப்ரல் 24. பஞ்சாயத்துகளுக்கான அரசியலமைப்பின் 73வது திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் அது, 1993. ஏப்ரல் 24 சச்சின் பிறந்தநாள். சச்சின் பிறந்தது 1973. திருத்தம் 73. அவருக்கு 20 வயது ஆன நாளில் சட்டம். இனிமேல் நீங்கள் நினைத்தாலும் மறக்க முடியாது. ஜெயகாந்தனும் ஏப்ரல் 24தான், 1934. தமிழ்ப் பகுதிக்கு உதவும்.

அக்டோபர் 2க்கு காந்தி 1869, சாஸ்திரி 1904 என்று எழுதிவிட்டு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952, மேலே சொன்ன நாகௌர் 1959, காமராஜர் மறைவு 1975, தூய்மை இந்தியா 2014 எல்லாம் அந்தத் தேதிதான். சேலத்திலிருந்து நம் தருமபுரி மாவட்டம் பிரிந்ததும் 1965 அக்டோபர் 2. அப்போது பிரதமர் சாஸ்திரி, அன்று அவருக்குப் பிறந்தநாள். கிருஷ்ணகிரி நம்மிடமிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9. சொந்த மாவட்டம் பிறந்த தேதி தெரியாமல் தேர்வு அறைக்குள் போகாதீர்கள்.

படித்த விதம். மாசி, பங்குனியில் அம்மா வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவேன். அம்மா கட்டிலிருந்து ஒரு தாளை உருவி தேதியை மட்டும் சொல்வார். நான் வரிகளைச் சொல்ல வேண்டும். "மே ஒண்ணு." "அஜித்" என்று ஆரம்பித்தால் அம்மாவுக்கும் சிரிப்பு வரும். மூன்றாம் மாதத்தில் நான் தடுமாறினால் அம்மாவே எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். சிங்காரவேலர் 1923 என்பதை இன்று என்னைவிட வேகமாகச் சொல்வார்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்து வரவில்லை. நாலு பேர் சேர்ந்தால் ஒரு மணி நேரம் கட் ஆஃப் பேச்சிலேயே போய்விடும். ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாதம் பணம் கட்டினேன். அங்கே கொடுத்த தேதிக் குறிப்புகளில் பிறந்த நாளும் இறந்த நாளும் மாறிக் கிடந்தன. அதை நம்பித்தான் முதல் தடவை படித்தேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. தனியாக, சத்தமாக, வீட்டு ஆள் ஒருவரை உட்கார வைத்துப் படியுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இது எதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திறனறிவுக்கு உதவாது. அதற்குத் தினமும் 25 கணக்கு போட்டே ஆக வேண்டும். தமிழ் இலக்கணத்துக்கும் உதவாது. பொருத்துக, காலவரிசை, முக்கிய தினங்கள், விடுதலைப் போராட்டம், விருதுகள், இவற்றுக்கு உதவும். இந்தத் தேர்வில் நேரடியாக ஏழு கேள்விக்குத் தாள்கள்தான் விடை கொடுத்தன என்று எண்ணி வைத்திருக்கிறேன். ஏழு கேள்வி என்றால் 10.5 மதிப்பெண். 1.5ல் தோற்றவளுக்கு அது எவ்வளவு பெரியது என்று உங்களுக்குப் புரியும்.

தேர்வு நாளில்:
- முந்தின இரவு புதிய தாள் எதையும் தொடவில்லை.
- காலையில் ஜூலை 23 தாளை மட்டும் ஒரு தடவை பார்த்தேன்.
- ஆண்டில் சந்தேகம் வந்த கேள்வியில் நடிகரையோ ஆட்டக்காரரையோ நினைத்து அங்கிருந்து எண்ணினேன்.
- ஓஎம்ஆர் விடைத்தாளை 20, 20 கேள்வியாக நிரப்பினேன், கடைசிக்கு வைக்கவில்லை.

இந்தத் தேதிக் கட்டை இப்போது மாமா மகன் கேட்டிருக்கிறான். அவனும் அடுத்த குரூப் 4 எழுதப் போகிறான். கொடுக்கும்போது ஒன்று சொன்னேன். என் காலண்டர் லீப் வருஷத்தது இல்லை, பிப்ரவரி 29க்குத் தாள் கிடையாது. நோட்டிலிருந்து ஒரு காகிதம் வெட்டி நானே செருகினேன். அதில் இரண்டே வரி: மொரார்ஜி தேசாய் 1896, ருக்மிணி தேவி அருண்டேல் 1904. 1977ல் பிரதமரான மொரார்ஜி குடியரசுத் தலைவர் பதவிக்கு ருக்மிணி தேவியைக் கேட்டார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.