ஒரு பல் கூட்டலாமா, குறைக்கலாமா?

மண் டிராக்கில் நடக்கும் ஸ்பீட்வே பந்தயத்தின் பைக்கில் பிரேக் கிடையாது. கியர் ஒன்றே ஒன்றுதான். 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், எரிபொருளாக மெத்தனால், குறைந்தது 77 கிலோ எடை. நான்கு பேர் நான்கு சுற்று ஓட்டும் ஒரு ஹீட் முடிய ஏறத்தாழ ஒரு நிமிடம். தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டிய டேப் மேலே எழும்பிவிட்டால் வீரரால் பைக்கில் எதையும் திருத்த முடியாது. அதற்கு முன்பே பைக்குகளைத் தயார் செய்யும் பிட்டில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

தேசிய அணியின் பிட்டில் இந்த வேலை இன்னும் கடினம். ஒரே நாட்டுச் சட்டை போட்ட இருவரும் போலந்து லீக்கிலோ ஸ்வீடன் லீக்கிலோ வழக்கமாக எதிரெதிர் கிளப்புக்கு ஓட்டுகிறவர்கள். ஆளுக்கொரு எஞ்சின் டியூனர், ஆளுக்கொரு மெக்கானிக். ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) எத்தனை பல், இக்னிஷன் டைமிங் (எரிபொருளைப் பற்றவைக்கும் நேரம்) எவ்வளவு என்பதை வெளியே சொல்லிப் பழக்கமில்லாதவர்கள். இவர்களை வாய் திறக்க வைப்பதுதான் மேலாளரின் முதல் வேலை என்பேன்.

ஏனென்றால் டிராக் ஹீட்டுக்கு ஹீட் மாறுகிறது. தொடக்கத்தில் உள்கோட்டில் கிடக்கும் மண்ணைப் பின்சக்கரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வீசி, வேலியோரம் குவிக்கும். சக்கரம் உள்ளே வழுக்கும், வெளியே மண்ணைப் பிடிக்கும். நடுவில் தண்ணீர் அடித்தால் கணக்கு மறுபடி மாறும். பிடிக்கிற டிராக்கில் பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் எஞ்சின் சுழற்சி விழாது. வழுக்கும்போது ஒரு பல் குறைத்து, டைமிங்கையும் சற்றுப் பின்தள்ளினால் சக்கரம் சும்மா சுற்றுவது குறையும். மூன்றாவது ஹீட்டில் ஓடியவர் "இரண்டாம் வளைவில் வெளியே பிடிக்குது" என்று சொன்னால், ஐந்தாவது ஹீட்டுக்குப் போகிறவருக்கு அது பொன்னான தகவல்.

பல்லை மாற்றும்போது அவசரம்தான் எதிரி. ஆக்சில் நட்டைத் தளர்த்தி, செயினைக் கழற்றி, ஸ்ப்ராக்கெட்டை மாற்றியதும் சக்கரம் நின்ற இடம் முன்னோ பின்னோ நகர்ந்திருக்கும். இருபக்கமும் அளந்து நேராக வைக்காமல் நட்டை இறுக்கினால் செயின் பல்லைத் தின்னும். செயினை மிக இறுக்கமாகக் கட்டினால் எஞ்சினின் பலத்தையே உறிஞ்சிவிடும், அறுந்தும் போகும். சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, செயின் எங்கே இறுகுகிறதோ அந்த இடத்தில்தான் தளர்வு பார்க்க வேண்டும்.

கிளட்ச் இன்னொரு தலைவலி. பிளேட்டுகள் சூடேறினால் கிளட்ச் முழுசாக விடாது, பைக் தொடக்கக் கோட்டில் மெல்ல ஊர்ந்து டேப்பைத் தொடும். தொட்டால் தண்டனை.

நாடுகளுக்கு இடையிலான உலகப் போட்டியான ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸில் இந்தத் தவறுக்கு விலை அதிகம். அங்கே ஜோடிக்கு ஜோடி மோதல், புள்ளிகள் 4, 3, 2, 0. ஒருவர் முதலில் வந்து கூட்டாளி கடைசியில் வந்தால் நான்கு. எதிரணி இரண்டாவதும் மூன்றாவதுமாக வந்தால் ஐந்து! ஆகவே நட்சத்திர வீரரின் பைக்கை இன்னும் வேகமாக்குவதைவிட, தடுமாறுகிற கூட்டாளியைக் கடைசி இடத்திலிருந்து தூக்கிவிடுவதே நல்ல வேலை. பலம்வாய்ந்த பெயர்கள் இருந்தும் தோற்கிற அணிகள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகின்றன. 2021இல் மான்செஸ்டரில் பிரிட்டன் வென்ற இந்தக் கோப்பை, 1989இல் இங்கிலாந்து வென்றதற்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் உலக அணிப் பட்டம்.

போட்டி முடிந்ததும் கைகுலுக்கிவிட்டுக் கிளம்ப முடியாது. மெத்தனால் ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரில் விட்டுவைத்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி கட்டி, எரிபொருள் போகும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். டாங்கைக் காலி செய்து, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டுக் கழுவ வேண்டும். அரையிறுதியும் இறுதியும் ஒரே வாரத்தில் வருவதால் அதே பைக்குகள்தான் மறுபடி இறங்கும். தன் வீரரின் பைக்கை முடித்த மெக்கானிக், கூட்டாளியின் பைக் பக்கம் போய்த் துணியை எடுக்கிறாரா என்று பாருங்கள். அந்த அணியில் ஸ்ப்ராக்கெட் எண்ணையும் மறைக்க மாட்டார்கள்.