நித்திரையைக் காலையில் இருந்து திருத்துங்கள்

உயர்தரப் பரீட்சை நெருங்கினால் கொழும்பில் எத்தனையோ வீடுகளில் நள்ளிரவு தாண்டியும் லைட் எரியும். பாடசாலை ஏழரைக்கு, ஆகவே ஐந்தரைக்கு எழும்பியாக வேண்டும். 13 முதல் 18 வயதுப் பிள்ளைக்குத் தேவை 8 முதல் 10 மணி நேர நித்திரை. கிடைப்பதோ ஐந்து, ஐந்தரை.

அதில் எந்தப் பகுதி வெட்டுப்படுகிறது என்று பாருங்கள். ஒரு நித்திரைச் சுற்று ஏறத்தாழ 90 நிமிடம். ஆழ்ந்த நித்திரை முன்னிரவில்தான் கூடுதல். இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கனவு நித்திரை, விடியப்புறச் சுற்றுகளில் நீளும். நாலு மணிக்கு அலாரம் வைத்துப் படிக்கிறவர் பெரும்பாலும் இழப்பது இதைத்தான். படித்ததை மூளை பதித்துவைப்பதும் நித்திரையில்தான் என்பதால், இது கையில் இருந்ததைக் கொட்டிவிட்டு மறுபடி அள்ளுகிற வேலை.

“நேரத்தோடு படு” என்று ஏசிப் பயனில்லை. பருவ வயதில் உடற்கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்குப் போகிறது. நித்திரையை வரவழைக்கும் ஹோர்மோனான மெலடோனின் பிந்தித்தான் சுரக்கும். ஒன்பது மணிக்குப் படுக்கவைத்தாலும் புரண்டுகொண்டு கிடப்பார்கள். பிடிக்க வேண்டியது எழும்பும் நேரத்தை. ஞாயிறு என்றாலும் வழமையை விட ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்த விடாதீர்கள். எழும்பியதும் வெளிச்சம் வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் கர்ட்டன் நாள் முழுக்க மூடியே கிடக்கும். அதை விலக்கி, பல்கனியிலோ ரோட்டிலோ 20 நிமிடம் நின்றால் கடிகாரம் முன்னுக்கு வரும். இங்கே ஆண்டு முழுக்கச் சூரியன் ஆறு மணியை ஒட்டியே உதிப்பது பெரிய வசதி. பிறகு மூன்று நாளைக்கு ஒருக்கால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள்.

டியூஷன் முடிந்து ஏழு மணிக்குக் குடிக்கும் பிளேன்டீயின் கஃபீனில் பாதியளவு நள்ளிரவிலும் உடம்பில் இருக்கும். அது களைப்பைப் போக்குவதில்லை. களைப்பைச் சொல்லும் அடினோசினை மூளையில் மறித்து நிற்கிறது, அவ்வளவுதான். கடைசித் தேநீர் மூன்று மணிக்குள் முடியட்டும்.

பாடசாலை விட்டு வந்து ஒரு குட்டித் தூக்கம் நல்லது, ஆனால் 20 நிமிடம்தான். முக்கால் மணி நேரம் போனால் ஆழ்ந்த நித்திரையில் இருந்து எழும்ப வேண்டிவரும். தலை கனத்து, பின்னேர வகுப்பே வீண்.

போன் அறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். அலாரம் அதில்தானே என்ற சாட்டுக்குப் புறக்கோட்டையில் ஒரு சின்ன மேசைக் கடிகாரம் வாங்கிக்கொடுங்கள்.

இவ்வளவும் செய்தும் பகலில் தூங்கி வழிகிறார், இரவில் பலமாகக் குறட்டையும் விடுகிறார் என்றால் டொன்சிலோ, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினொயிட் சதையோ வீங்கியிருக்கிறதா என்று டொக்டரிடம் காட்டுங்கள்.