செய்தவர் யார் என்று முதலில் வட்டமிடுங்கள்

நேற்று முடிவு வந்தது. இரண்டாம் முயற்சியில் பன்னாட்டுச் சட்டத் தாளில் தேறிவிட்டேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

சென்ற முறை என்னைக் கவிழ்த்தது ஒரே வினா. ஒரு நாட்டிலிருக்கும் கும்பல் இன்னொரு நாட்டு மருத்துவமனைக் கணினிகளை முடக்கிப் பணம் கேட்கிறது. 'தாக்குதல்' என்ற சொல்லைக் கண்டதும் ஐ.நா. சாசனத்தின் 2(4) (படைபலத் தடை), 51 (தற்காப்பு), 2007இல் எஸ்தோனியா மீது நடந்த சைபர் தாக்குதல் என்று ஏழு பக்கம் எழுதித் தள்ளினேன். கேட்டதோ அதிகார வரம்பும் குற்றவாளி ஒப்படைப்பும். கும்பலுக்கு அரசோடு தொடர்பு இருப்பதாக வினாவில் ஒரு சொல்கூட இல்லை.

எனவே பேனாவைத் தொடும் முன் செய்தவரைப் பென்சிலால் வட்டமிடுங்கள். தனியாள் என்றால் சைபர் குற்றம் பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கை. அரசு என்றால் சாசனம், இறையாண்மை, அரசுப் பொறுப்பு. கும்பலை அரசு ஏவியதாகக் குறிப்பு இருந்தால் மட்டுமே, அந்தச் செயலை அரசே இயக்கியதா என்ற, பன்னாட்டு நீதிமன்றத்தின் நிகரகுவா வழக்கு (1986) அளவுகோலுக்குப் போங்கள்.

பிரிவுகளை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வது எனக்கு ஒட்டவே இல்லை. கதையாகப் படித்ததுதான் நின்றது. 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' வைரஸ் உலகெங்கும் பரவியது. பிலிப்பைன்ஸில் சந்தேக நபர் சிக்கினார். ஆனால் அச்செயலைத் தண்டிக்க அங்கே அன்று சட்டம் இல்லை. ஜூனில் வந்த மின்வணிகச் சட்டம் பின்னோக்கிப் பாயாது. வழக்கு கைவிடப்பட்டது. ஒப்படைப்புக்கு இரு நாட்டிலும் அது குற்றமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் கனம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறக்கக் கூடாதவை:

- சைபர் செயல்களுக்குப் பன்னாட்டுச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று சொல்லும் டாலின் கையேடு (2013, 2017) உடன்படிக்கை அல்ல, வல்லுநர் கருத்து. நாடுகளைக் கட்டுப்படுத்தும் என்று எழுதாதீர்கள்.
- புடாபெஸ்ட்: 2001 கையொப்பம், 2004 நடைமுறை.
- அதன் 32(ஆ): தரவை வெளிப்படுத்த உரிமையுள்ளவர் மனமொப்பி இசைந்தால், தரவு இருக்கும் நாட்டின் அரசைக் கேட்காமலே எல்லை கடந்து எடுக்கலாம். இறையாண்மைச் சர்ச்சை முழுவதும் இங்கேதான். இதற்கு ஒரு பக்கம் கொடுங்கள்.
- ஐ.நா. சைபர் குற்ற உடன்படிக்கை: 2024 டிசம்பரில் பொதுச்சபை ஏற்றது. நடைமுறைக்கு வர 40 நாடுகளின் ஏற்புறுதி தேவை.

கடைசி மூன்று வாரம் நான் விடை எழுதிப் பழகவே இல்லை. பழைய வினாக்களை எடுத்து வட்டம் மட்டும் போட்டேன்.

இம்முறை வந்தது இது: இராணுவக் கணினிப் பிரிவு ஊழியர் ஒருவர் விடுப்பில், சொந்தக் கணினியில், சொந்த லாபத்துக்காக வெளிநாட்டு வங்கிக்குள் ஊடுருவுகிறார். பக்கத்து மேசையில் 'இராணுவம்' என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு விழுந்தது. நான் 'விடுப்பில்' என்பதை வட்டமிட்டேன்.