அந்த நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தார்களோ

சிக்கலுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை ஏழு மணி. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து புறப்பட்ட நேரம் முதல் அம்மா பால் தூக்கை மடியிலேயே வைத்திருந்தார். வழியில் திருவாரூரில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டு மாட்டுப் பால்தான் வேண்டும் என்றார். அவர் பால் கறந்து ஊற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார். அந்தப் பாலைத்தான் சாமிக்குக் கொடுக்க நினைக்கிறார் என்று புரிந்தது, அப்புறம் நான் எதுவும் பேசவில்லை.

போன ஐப்பசியில் என் மகளுக்கு டெங்கு. நான்கு நாள் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடி அம்மா மூன்று இடத்துக்கு நேர்ந்துகொண்டார். சிக்கலில் பாலாபிஷேகம், நாகூர் தர்காவில் பாத்திஹா என்ற பிரார்த்தனை, வேளாங்கண்ணியில் பேத்தி உயரத்துக்கு மெழுகுவர்த்தி. ஐந்தாம் நாள் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. பிள்ளை வீட்டுக்கு வந்தபிறகு, "ஏம்மா மூணு இடம்?" என்று கேட்டேன்.

"அந்த நேரத்துல யாரு பக்கத்துல இருந்தாங்கன்னு எனக்கு எப்படிடா தெரியும்?" என்றார்.

சிக்கல் கோயில் சோழ மன்னன் கோச்செங்கணான் கட்டியதாகச் சொல்லப்படும் மாடக்கோயில்களில் ஒன்று. படியேறித்தான் வெண்ணெய்நாதரைப் பார்க்க வேண்டும். காமதேனு சாபம் தீர இங்கே வந்து நீராடியதாம். அதன் மடியிலிருந்து பெருகிய பாலே குளமாகிவிட்டது. வசிட்டர் அந்தப் பாலில் திரண்ட வெண்ணெயைச் சேர்த்து லிங்கமாகப் பிடித்துப் பூசை செய்தார். பூசை முடிந்து லிங்கத்தை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. மண்ணோடு சிக்கிக்கொண்டது. அதனால்தான் ஊருக்குச் சிக்கல் என்று பெயர். சின்ன வயதில் கேட்டபோது இது வெறும் பெயர்க் கதையாகத்தான் பட்டது. அன்று குருக்கள் எங்கள் பாலை ஊற்றும்போது வேறு மாதிரி தோன்றியது. கையில் பிடித்தால் உருகிவிடும் வெண்ணெயில் வந்து, எடுத்தாலும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்ட சாமி இவர்.

ஆனால் சைவம் சிவன் பிறந்தான் என்று சொல்வதில்லை. 'பிறவா யாக்கைப் பெரியோன்' என்பது இளங்கோவடிகளின் சொல். பிறக்காமலே எப்படிப் பக்கத்தில் இருப்பது? சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் கடைசிச் சூத்திரம் இதற்கு வழி காட்டுகிறது. அன்பு நிறைந்த அடியாரின் வேடத்தையும் ஆலயத்தையும் 'அரனெனத் தொழுமே' என்கிறது. அரன் மாதிரி என்று சொல்லவில்லை, அரன் என்றே தொழச் சொல்கிறது. பிறக்காதவனுக்கு இந்தக் கல்லும் எதிரில் நிற்கும் அடியாரும் இருப்பிடம்.

இதே கோயிலில்தான் சிங்காரவேலர். கந்த சஷ்டியில் சூரசம்ஹாரத்துக்கு முன்னால் தாய் வேல்நெடுங்கண்ணியிடம் வேல் வாங்குவார். அந்த இரவில் அவர் முகத்தில் வியர்வை அரும்பும், பட்டுத் துணியால் ஒற்றி எடுப்பார்கள். சிறுவனாக இருந்தபோது கூட்டத்துக்குள் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். எப்படி வியர்க்கிறது என்ற கேள்வி அப்போதும் எனக்கு வரவில்லை, இப்போதும் வரவில்லை. போருக்குப் போகிற பிள்ளைக்கு வியர்க்கத்தானே செய்யும்.

நாகப்பட்டினத்தில் சௌந்தரராஜப் பெருமாளைச் சேவிக்க மட்டும் கொஞ்ச நேரம் நின்றோம். திருமங்கையாழ்வார் 'அச்சோ ஒருவர் அழகியவா' என்று மலைத்து நின்ற இடம். வைணவத்தில் இந்தப் 'பக்கத்தில்' என்பதைப் பிள்ளை லோகாசாரியர் தண்ணீரை வைத்துச் சொல்லியிருக்கிறார். எல்லாருக்குள்ளும் இருக்கும் அந்தர்யாமி நிலத்தடி நீர். பரம்பொருள் அண்டத்தைச் சூழ்ந்த நீர். பாற்கடலில் பள்ளிகொண்ட வியூக நிலை, அந்தப் பாற்கடல். ராமன், கண்ணன் போன்ற அவதாரங்கள் பெருகி ஓடிய ஆறு. கோயிலில் நிற்கும் பெருமாள், அந்த ஆறு போனபிறகு தேங்கி நிற்கும் மடு. கோடையில் வறண்ட வாய்க்காலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தாகம் எடுத்த நேரத்தில் மடுவைத் தேடித்தான் ஓடுவோம்.

இதே ஊரில் புத்தரும் இருந்தார். முதலாம் ராஜராஜன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசர் இங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்ப, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைச் சோழ அரசு அதற்கு எழுதிக் கொடுத்தது. பிற்காலத்தில் எஞ்சி நின்ற செங்கல் கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். மண்ணுக்குள்ளிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட புத்தர் திருமேனிகள் கிடைத்தன. புத்தரின் உடலைப் பார்க்க ஏங்கிக் கிடந்த வக்கலி என்ற பிக்குவிடம் அவர், தம்மத்தை, அதாவது போதனையை, பார்ப்பவனே என்னைப் பார்க்கிறான் என்று சொன்னாராம். பார்க்க ஒரு கல்கூட நிற்காத இடத்தைக் கடந்து போகும்போது அது நினைவுக்கு வந்தது.

நாகூரில் பெரிய மினாரா தூரத்திலேயே தெரிந்துவிட்டது. 131 அடி. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது. பூவும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டோம். அம்மா முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டார், மகளுக்கும் துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டார். புறாக்கள் சடசடவென்று எழுந்து மறுபடி உட்கார்ந்தன. பாத்திஹா ஓதி முடித்த பெரியவர் மகளின் தலையில் மயிலிறகால் வருடினார். அம்மா கண்கலங்கி, "எஜமான்தான் எம் பேத்தியைக் குடுத்தாங்க" என்றார்.

பெரியவர் மென்மையாகத் திருத்தினார். "குடுக்கறவன் அல்லாஹ்ம்மா. எஜமான் நமக்காகத் துஆ கேக்குறாங்க."

இந்த ஒரு திருத்தத்துக்காகவே நாகூர் வந்ததாக நினைக்கிறேன். எஜமான் என்று இங்கே அழைக்கப்படும், 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது பாதுஷா இறைவன் அல்ல, இறைவனின் நேசர். இஸ்லாத்தில் இறைவன் உருவெடுப்பதில்லை. 'அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவுமில்லை.' அதற்காக அவன் தூரத்தில் இருக்கிறான் என்று பொருளில்லை. பிடரி நரம்பைவிட மனிதனுக்கு நெருக்கமாக இருப்பதாக அதே குர்ஆன் சொல்கிறது. தர்காவுக்கு வருவதையே ஏற்காத முஸ்லிம்களும் உண்டு. அவ்வளவு நெருக்கத்தில் இருப்பவனிடம் நேராகவே கேட்கலாமே என்பது அவர்கள் பேச்சு. அதிலும் ஒரு பக்தி இருக்கிறது.

கடலில் ஓட்டை விழுந்து மூழ்கப்போன ஒரு கப்பலுக்காக, முகம் மழித்துக்கொண்டிருந்த எஜமான் கையிலிருந்த கண்ணாடியை வீசினார், அது போய் ஓட்டையை அடைத்தது என்று இங்கே சொல்வார்கள். அடுத்து நாங்கள் போன வேளாங்கண்ணியிலும் ஒரு கப்பல் கதைதான். புயலில் சிக்கிய போர்ச்சுகீசிய மாலுமிகள் மாதாவை வேண்டி, செப்டம்பர் 8 அன்று கரை சேர்ந்து கோயில் கட்டினார்கள்.

ஆனால் அம்மாவுக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டுபோன ஒரு பையன் குளக்கரை ஆலமரத்தடியில் அசந்து தூங்கிவிடுகிறான். கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து, பிள்ளைக்குப் பால் கேட்கிறாள். கொடுக்கிறான். தாமதத்துக்கும் குறைந்த பாலுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போய்ப் பாத்திரத்தைத் திறந்தால், பால் பொங்கி வழிகிறது.

"அளந்து ஊத்துற பால்டா அது. ஒரு ஆழாக்கு கொறைஞ்சாலும் அவன்ல பதில் சொல்லணும்? அப்படியும் குடுத்திருக்கான் பாரு" என்றார் அம்மா, மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில். எங்கள் முன்னால் ஒரு பெண் முழங்காலாலேயே நகர்ந்து போய்க்கொண்டிருந்தார்.

காலையிலிருந்து கேட்ட எல்லாவற்றிலும் கிறிஸ்தவம் இந்த இடத்தில்தான் தனித்து நிற்கிறது. இங்கே கடவுள் ஒரே ஒருமுறை, ஒரு தாயின் வயிற்றில் பிறந்தார். பசித்தார். 'வாக்கு மனிதர் ஆனார்; நம்மிடையே குடிகொண்டார்' என்கிறது யோவான் நற்செய்தி. 'குடிகொண்டார்' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குக் கூடாரம் அடித்தார் என்று பொருள். நாகூரில் 'பெறப்படவில்லை' என்று கேட்டுவிட்டு வந்த அதே நாளில், இங்கே பெறப்பட்ட குழந்தைக்குப் பால் கேட்கிறார்கள். எல்லாம் ஒன்றுதான் என்று முன்பெல்லாம் சுலபமாகச் சொல்லிவிடுவேன். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பெரியவர் அவ்வளவு அன்போடு காத்த வேறுபாட்டை நான் அழிப்பது மரியாதை இல்லை.

மகள் உயர மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். 2004 டிசம்பர் 26 காலையில் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தவர்களை இந்தக் கரையிலிருந்துதான் அலை இழுத்துப் போனது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்களுக்காகவும் யாரோ ஓர் அம்மா நேர்ந்துகொண்டுதானே இருந்திருப்பார். என் மகள் பிழைத்ததற்கு நன்றி சொல்ல வந்த நான் அங்கே வாய் திறக்க முடியாமல் நின்றேன். அம்மா கொஞ்சம் தண்ணீரைக் கையில் அள்ளி, திரும்பக் கடலிலேயே விட்டார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. சிக்கல் விபூதி ஒரு பொட்டலம், நாகூர்ச் சர்க்கரை ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மா தனித்தனியாகக் கட்டிப் பையில் வைத்திருந்தார். காலியான பால் தூக்கில் மாதா குளத்துத் தண்ணீர். பேத்தி மேல் சாய்ந்தபடி தூங்கிப்போனார். பாதை குலுக்கும்போதெல்லாம் தூக்கத்திலேயே அவர் கை அந்தத் தூக்கின் மூடியை அழுத்திப் பிடித்தது.