இரண்டாவது கேள்வி

மென்பொருள் வேலைக்குத் தயாராகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, லீட்கோட் என்ற ப்ரோக்ராமிங் பயிற்சித் தளத்தில் எத்தனை கணக்கு போட்டால் போதும் என்பதுதான். இன்டர்வியூ எடுக்கும் பக்கம் உட்கார ஆரம்பித்த பிறகு இதற்கு நான் எண்ணிக்கை சொல்வதை விட்டுவிட்டேன். முதல் கேள்விக்கு எல்லாரும் தயாராகத்தான் வருகிறார்கள். விஷயம் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பது அடுத்த கேள்வியில்தான் தெரியும்.

பைனரி சர்ச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிய அரேயில், அதாவது எண் பட்டியலில், நடுவில் பார், பாதியைத் தள்ளு, மீதியில் தேடு. கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். முடித்ததும், "தேடும் பகுதியின் தொடக்க இடமான லோவையும் கடைசி இடமான ஹையையும் கூட்டி இரண்டால் வகுக்கிறீர்களே, அரே ரொம்பப் பெரிதாக இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்பேன். ஜாவா மொழியில் ஓர் இன்ட், அதாவது முழு எண் வகை, தாங்கும் உச்ச எண் 2,147,483,647. கூட்டல் அதைத் தாண்டினால் விடை மைனஸில் போய் நிற்கும், அந்த இடத்தில் அரேயைத் தொட்டதும் ப்ரோக்ராம் விழும். மனப்பாடம் செய்து வந்தவர் "அவ்வளவு பெரிதாக எல்லாம் வராது" என்று முடித்துக்கொள்வார். புரிந்து எழுதியவர் கொஞ்ச நேரம் முழிப்பார். அப்புறம் இரண்டு பெரிய எண்களைப் போட்டுப் பார்ப்பார். ஹைக்கும் லோவுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை எடுத்து லோவோடு சேர்த்தால் சரியாகிவிடுமே என்று அவராகவே வந்துவிடுவார்.

இந்தப் பிழை ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே சுமார் ஒன்பது வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. 2006-இல் அதைப் பற்றி விளக்கி எழுதிய ஜோஷுவா பிளாக்தான் அந்த ப்ரோக்ராமை எழுதியவரும். ஆகவே ஒரு புதியவர் முதல் தடவையே இதைக் கவனித்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. கேட்ட பிறகு என்ன செய்கிறார் என்றுதான் பார்க்கிறேன்.

இதற்கு எப்படித் தயாராவது? வாயைத் திறந்துதான். தனியாக உட்கார்ந்து சத்தமில்லாமல் நூறு கணக்கு போட்டுப் பழகியவருக்கு, எதிரில் ஒருவர் இருக்கும்போது யோசிக்கவும் பேசவும் ஒன்றாக வராது. நண்பர் ஒருவரைக் கூட்டிவைத்து, கோட் எழுதும் முன் உள்ளீடு காலியாக வருமா, ஒரே எண் இரண்டு முறை வருமா என்றெல்லாம் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டு, எளிய வழியை முதலில் சொல்லி, அது ஏன் மெதுவானது என்றும் சொல்லிப் பழக வேண்டும். ஆரம்பத்தில் கூச்சமாக இருக்கும். நண்பர் சும்மா தலையாட்டுகிறவராக இல்லாமல் குறுக்கே குறுக்கே கேட்கிறவராக இருந்தால் நல்லது.

ரெஸ்யூமேயை யாரும் படித்துவிட்டு வருவதில்லை, எழுதியவரே கூட. "ரெடிஸ் கேஷ் சேர்த்து வேகத்தைக் கூட்டினேன்" என்று ஒரு வரி இருக்கும். கேஷ் என்றால், அடிக்கடி கேட்கும் தகவலை ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸ் வரை போகாமல் எடுக்க வைத்திருக்கும் தற்காலிக இடம்; ரெடிஸ் அதற்கான ஒரு மென்பொருள். சரி, டேட்டாபேஸில் விலை மாறிவிட்டால் கேஷில் பழைய விலை எவ்வளவு நேரம் நிற்கும்? கேஷ் சர்வர் விழுந்துவிட்டால் எல்லாக் கோரிக்கையும் ஒரே நேரத்தில் டேட்டாபேஸ் தலையில் விழாதா? வேகம் கூடியது என்று எதை வைத்து அளந்தீர்கள்? மூன்றாவது கேள்வியில்தான் பலர் தரையில் விழுந்த மீன் மாதிரி வாயை மூடி மூடித் திறப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் இப்படி மூன்று "ஏன்" போட்டுப் பாருங்கள், பதில் இல்லாத வரியை எடுத்துவிடுங்கள். "அந்தப் பகுதியை என் டீமில் வேறொருவர் செய்தார், நான் செய்தது இது" என்று சொல்வதால் யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள். குறைந்தபட்சம் நான் குறைத்ததில்லை.

ஒரு பெரிய சேவையை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்கும் சிஸ்டம் டிசைன் ரவுண்டில் பெட்டியும் அம்புக்குறியும் வரைவதைவிட எண்களோடு பேசுவது எனக்குப் பிடிக்கும். நீள முகவரியைச் சுருக்கும் சேவையைக் கேட்டால், ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் எண்ணும் சேர்த்து 62 குறிகள், சுருக்கிய முகவரியில் ஏழு இடம், ஆக ஏறத்தாழ 3.5 லட்சம் கோடி முகவரிகள் கிடைக்கும் என்று போட்டுக் காட்டுகிறவரோடு பேச்சு தானாக ஓடும்.

இப்படி இன்டர்வியூ எடுக்கும் முறை நியாயமானதா என்றால், முழுக்க இல்லை. மேக் கணினியில் மென்பொருள்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூவை உருவாக்கிய மேக்ஸ் ஹவல், பலகையில் பைனரி ட்ரீயை (ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அதிகபட்சம் இரண்டு கிளை பிரியும் தரவு அமைப்பு) இடம் வலமாகத் திருப்பிப் போடத் தெரியவில்லை என்று கூகுள் தன்னை நிராகரித்ததாக 2015-இல் ட்விட்டரில் பொருமினார். அன்றாட வேலையில் யாரும் ட்ரீயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பதில்லை. நல்ல ஆட்கள் தவறிப்போவதும் உண்டு, நிராகரிப்புக்குக் காரணம் சொல்லாமலே விடுவதும் உண்டு.

கடைசி ஐந்து நிமிடம் உங்களுடையது. "கேள்வி ஏதும் இல்லை" என்று எழுந்துவிடாதீர்கள். உங்களைக் கேள்வி கேட்டவரிடமே, உங்கள் சிஸ்டம் கடைசியாக எப்போது விழுந்தது, யாரை எழுப்பினீர்கள், அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், விடாமல் இன்னொரு "ஏன்" கேட்கலாம்.